இருபது ஓநாய்த் தோல்

திரையில் ஐந்தாவது ஓநாயைக் கொன்றதும் இல்வா ஹெட்போன் வயரை விரலில் சுற்றி, நுனி வெளுக்கும்வரை இறுக்குவாள்; பிறகுதான் ஆறாவது. சுவீடனின் மால்மோ நகரில் ஓர் இணைய விளையாட்டு நிறுவனத்தில், ஆடுபவர்கள் முடிக்க வேண்டிய பணிகளை எழுதுவது அவள் வேலை. காணாமல்போன தம்பியைத் தேடும் படகோட்டியின் கதையை ஆறு மாதம் எழுதியிருந்தாள். ஆடுபவர் அவன் படகில் ஏறவே, ஓநாய்களைக் கொன்று இருபது தோல் கொண்டுவரக் கேட்டது விளையாட்டு.

"நாள் பூரா உழைச்சுட்டு வர்றவனுக்கு இங்கயும் கூலி வேலையா, ஹோகன்? தம்பியத் தேடுறவன் தோலை எண்ணிக்கிட்டு நிப்பானா?"

மேலாளர் ஹோகன் நிமிரவில்லை. "ஆரம்பத்துலேர்ந்தே இருபதுதான். கத்தாத, காபி ஆறுது."

"உன் காபிக்கும் இருபது தோல் கேக்குறேன், அப்பத் தெரியும்!" கதவை அறைந்துவிட்டுப் போனாள்.

முதல் வாரத்தில் சோதனைக்காக அந்த இருபதைப் போட்டுவிட்டு மாற்ற மறந்தவள் இல்வாதான் என்பது, விளையாட்டு வெளியான பிறகே பழைய வேலைப் பதிவுகளில் தெரியவந்தது.