கைப்பிடியாரின் ரயில்

கைப்பிடியார் என்ற பெயரை அவருக்கு வைத்தது கூட வேலை செய்த மெக்கானிக்குகள்தான். மனிதர் முப்பத்தோரு வருடம் லிஃப்ட் பழுது பார்த்தவர். புதிதாக யார் வேலையில் சேர்ந்தாலும் முதல் நாளே மொட்டைமாடி மோட்டார் அறைக்குக் கூட்டிக்கொண்டு போய், மோட்டாரின் பக்கவாட்டில் இருக்கும் இரும்புக் கைப்பிடிச் சக்கரத்தைக் காட்டுவார்.

"கரண்ட் போச்சுன்னா லிஃப்ட் நடுவுல நின்னுடும். உள்ள ஆள் இருப்பாங்க. அப்ப ஒருத்தன் பிரேக்கைத் தளர்த்திப் பிடிக்கணும், இன்னொருத்தன் இந்தக் கைப்பிடியைப் புடிச்சுச் சுத்தணும். இது இல்லாத லிஃப்டுக்கு லைசென்சே கிடையாது. கம்பெனி செத்தாலும், கரண்ட் செத்தாலும், உள்ள இருக்கறவன் சாகக் கூடாது பாரு."

கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடமும் இதையே பேசினால் வேறென்ன பெயர் வைப்பார்கள்?

அவருக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. ஒவ்வொரு மோட்டார் அறையிலும் ஒரு சர்வீஸ் கார்டு தொங்கும். தேதி, கட்டட விலாசம், செய்த வேலை, கையெழுத்து. ஒரே ஒரு நட்டை முறுக்கினாலும் கார்டில் எழுதிக் கையெழுத்துப் போடாமல் அவர் படி இறங்கியதில்லை. "கையெழுத்து இல்லாத கார்டு, செய்யாத வேலை" என்பது அவராகவே உண்டாக்கி அவராகவே சொல்லித் திரிந்த பழமொழி. குடியால் கெட்டவன் உண்டு, சீட்டாட்டத்தால் கெட்டவன் உண்டு. நல்ல பழக்கத்தால் கெட்டவர் என்று நான் பார்த்தது இவர் ஒருவரைத்தான்.

வீட்டுக்காரி அவரை விட்டுப் போனபோது மகளுக்கு ஒன்பது வயது. பெரிய சண்டை எதுவும் இல்லை. எந்த நேரமும் போன் வரும், யாராவது எங்காவது லிஃப்டில் மாட்டிக்கொண்டிருப்பார்கள், இவர் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். போகும்போது அந்தம்மா ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"ஊர்ல மாட்டிக்கிட்டவங்களை எல்லாம் இறக்கி விடறீங்க. நான் இங்க மாட்டிக்கிட்டு நிக்கறது பத்து வருஷமா உங்க கண்ணுல படல."

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மகள் அப்பா வீட்டுக்கு வருவது என்று ஏற்பாடாயிற்று. முதல் சில வாரங்கள் கொடுமை. "சாப்பிட்டியா?" "ம்." "ஸ்கூல் எப்படி?" "ம்." பிறகு இருவரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

அதைத் தாங்க முடியாமல்தான் அவர் அந்த விளையாட்டை வாங்கி வந்தார். கம்ப்யூட்டரில் ஆடும் சரக்கு ரயில் விளையாட்டு. ஒருவர் என்ஜின் ஓட்ட வேண்டும், இன்னொருவர் சிக்னல் அறையில் இருந்து வழி விட வேண்டும். இரண்டு பேர் இல்லாமல் வண்டி ஓர் அங்குலம் நகராது. ஒரே மேசையில் இரண்டு கம்ப்யூட்டர். ஒன்று அவருடையது, இன்னொன்று ஏதோ ஓர் ஆபீசில் கழித்துக் கட்டியது. அப்பா என்ஜினில், மகள் சிக்னலில். முழங்கை முழங்கையோடு இடிக்கும்.

மகள் உடனே பச்சை விளக்குப் போட்டுவிட மாட்டாள். வேண்டுமென்றே சிவப்பிலேயே நிறுத்தி வைப்பாள். அவர் மூன்று முறை ஹார்ன் அடிக்க வேண்டும்.

"என்ன சரக்கு? சொன்னாத்தான் விடுவேன்."

"ரெண்டு மணி நேரம் லிஃப்டுல மாட்டிக்கிட்ட ஒரு வக்கீல். இறங்கி வந்ததும் என் மேலயே கேஸ் போடுவேன்னாரு."

"சரி, போகலாம். கடைசிப் பெட்டியில என் கணக்கு மார்க் இருக்கு. முப்பத்திரண்டு. யாரும் கிட்ட வராதீங்க, வெடிச்சிடும்."

நேருக்கு நேர் கேட்டால் "ம்" என்று மட்டும் சொல்லும் பெண், சிக்னல் அறையில் உட்கார்ந்துவிட்டால் வாரம் முழுவதையும் கொட்டித் தீர்ப்பாள். எல்லாம் சரக்காக வந்து இறங்கும். தோழியோடு சண்டை, அம்மாவின் புதுக் கல்யாணம், முதல் முறை தனியாகப் பஸ் ஏறியது, எல்லாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இன்டர்நெட் வரவில்லை. இரண்டு கம்ப்யூட்டரும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருந்தன, நடுவில் கேபிளும் இருந்தது. ஆனால் விளையாட்டு, கம்பெனியின் சர்வரைத் தேடிக்கொண்டே இருந்தது. அது சரி என்று தலையாட்டினால்தான் உள்ளே விடுமாம். கைப்பிடியாருக்கு வந்ததே கோபம்.

"பக்கத்துல உக்காந்திருக்கற பொண்ணோட விளையாட, கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கறவன்கிட்ட பர்மிஷன் கேக்கணுமா? என்ன அநியாயம்டா இது! கைப்பிடி வைக்காம விட்டிருக்கான் பாரு!"

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகவே அவர் அன்றைக்குக் கொஞ்சம் அதிகமாகத் திட்டினார்.

மகளுக்குப் பதினேழு வயதானபோது கம்பெனி விளையாட்டை இழுத்து மூடியது. ஆட ஆள் குறைந்துவிட்டதாம், இத்தனை நாள் பயணத்துக்கு நன்றியாம். வாங்கிய டிஸ்க் இவர் வீட்டு அலமாரியில் பத்திரமாக இருந்தது. அதனால் என்ன, சர்வர் இல்லை என்றால் அதில் காபி டம்ளர்தான் வைக்கலாம். அடுத்த மாதம் மகள் வேறு ஊருக்குப் படிக்கப் போகிறாள். பத்து மணி கை நழுவிப் போவது அவருக்குக் கண்ணெதிரே தெரிந்தது.

அப்போதுதான் இன்டர்நெட்டில் ஒரு பல் டாக்டர் கிடைத்தார். எந்த ஊர் என்று கடைசி வரை தெரியாது. பகலில் பல் பிடுங்குவார், மிச்ச நேரத்தில் இந்த விளையாட்டைப் பிடித்துத் தொங்குவார். விளையாட்டு, கம்பெனி சர்வரிடம் என்னென்ன கேட்கும், அது என்னென்ன பதில் சொல்லும் என்று ஒவ்வொன்றாகக் கவனித்து, அதே பதிலைச் சொல்லும் புரோகிராம் ஒன்றை அவரும் சில பேரும் சேர்ந்து எழுதியிருந்தார்கள். கம்பெனிக்குத் தெரியாத கள்ள சர்வர். வைத்து நடத்த நம்பிக்கையான ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள்.

ஐம்பது வயதில், ஸ்பானர் பிடித்த கையால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டி, நான்கு மாதத்தில் கைப்பிடியார் அதைக் கற்றுக்கொண்டார். பழைய கம்ப்யூட்டரை பீரோ மேல் ஏற்றினார். பக்கவாட்டில் ஒரு சர்வீஸ் கார்டும் தொங்கவிட்டார். வாராவாரம் தூசி தட்டித் தேதி போட்டுக் கையெழுத்திட்டார். எங்கெங்கிருந்தோ நாற்பது பேர் வந்து ஆடினார்கள். அந்த நாற்பது பேரில் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குத் தவறாமல் சிக்னல் அறைக்கு வருகிற ஒருத்திக்காகத்தான் அவர் அந்தக் கம்ப்யூட்டரைக் கட்டிக்கொண்டு அழுதார் என்பது மற்ற முப்பத்தொன்பது பேருக்குத் தெரியாது. இப்படியே ஆறு வருடம். மகள் படித்து முடித்தாள், வேலைக்குப் போனாள். "என்ன சரக்கு?" மட்டும் நிற்கவில்லை.

இதற்கு நடுவில் ஊர் உலகத்தில் ஒரு விவாதம் கிளம்பியது. காசு கொடுத்து வாங்கிய விளையாட்டைக் கம்பெனி ஒரு நாள் மூடிவிட்டுப் போகலாமா? போவதானால், நான்கு பேர் சேர்ந்து தாங்களாகவே ஆடிக்கொள்ள வழி வைத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று சட்டம் போடலாமா? அரசாங்கம் குழு அமைத்துப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டது. எங்கள் சர்வர் இல்லாமல் ஓட்டுவது தொழில்நுட்ப ரீதியாக முடியவே முடியாது, கள்ள சர்வர்களால் எங்கள் அருமை வாடிக்கையாளர்களுக்கு ஆபத்து என்றது கம்பெனி. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை.

'முடியாது' என்ற சொல்லைப் படித்ததும் கைப்பிடியாருக்கு உச்சந்தலை வரை ஏறிவிட்டது. அன்றே உட்கார்ந்து குழுவுக்கு மூன்று பக்கம் எழுதினார். லிஃப்டுக்குக் கைப்பிடி கட்டாயம் என்றால் இதற்கு ஏன் இல்லை என்று கேட்டார். நன்றாகத்தான் கேட்டார். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை மகளுக்குப் படித்துக் காட்டினார்.

"சூப்பர்ப்பா. ஆனா கடைசிப் பத்தி வேண்டாம். சர்வர் விலாசம், வீட்டு விலாசம், உங்க பேரு, எல்லாத்தையும் எடுத்துடுங்க."

"கையெழுத்து இல்லாத கார்டு..."

"செய்யாத வேலை. தெரியும்பா. ஆனா இது லிஃப்ட் இல்ல."

"முடியாதுங்கறான். ஆறு வருஷமா என் பீரோ மேல ஓடிட்டிருக்கு, வந்து பாருன்னு சொல்ல வேண்டாமா? தப்பு செஞ்சவன்தாம்மா ஒளியணும்."

அன்று ஹார்ன் அடிக்காமலேயே பச்சை விழுந்தது. அதை அவர் கவனித்திருக்க வேண்டும். கடிதம் பெயர், விலாசம், கையெழுத்தோடு போய்ச் சேர்ந்தது. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இவர் கையால் கெட்டார்.

வந்த கடிதங்களை எல்லாம் குழு பொதுவில் வெளியிட, மூன்றாம் வாரம் கம்பெனியின் வக்கீல் நோட்டீஸ் வந்தது. அதே வாரம் குழுவின் அறிக்கையும் வந்தது. அறிக்கையில் இவர் கடிதத்தை மறக்காமல் குறிப்பிட்டிருந்தார்கள். 'லிஃப்ட் மெக்கானிக் ஒருவர் எழுதியுள்ளதுபோல், ஆர்வலர்கள் தங்கள் சொந்த முயற்சியிலேயே இத்தகைய விளையாட்டுகளை நடத்திவருகிறார்கள். எனவே நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தும் சட்டம் இப்போதைக்குத் தேவையில்லை.' கைப்பிடியார் இரண்டு காகிதங்களையும் மேசையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். நீ நடத்துவதால் சட்டம் வேண்டாம் என்கிறது ஒன்று. நீ நடத்தவே கூடாது என்கிறது இன்னொன்று. இரண்டுக்கும் ஆதாரம் அவர் போட்ட ஒரே கையெழுத்து.

பல் டாக்டரிடமிருந்து ஒரே ஒரு செய்தி வந்தது. "நாப்பது பேர் சேர்ந்து ஒளிச்சு வெச்சதை நீங்க ஒருத்தர் விலாசம் எழுதிக் குடுத்துட்டீங்க." அதற்குப் பிறகு அந்த மனிதர் அவரோடு பேசவேயில்லை.

நோட்டீசில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தார். வக்கீல் ஆபீசில் ஒரு பெண் எடுத்தாள்.

"கம்ப்யூட்டரை அணைச்சுட்டு, புரோகிராமை அழிச்சுட்டு, இனிமே நடத்த மாட்டேன்னு ஒரு லெட்டர் குடுங்க சார். கையெழுத்து முக்கியம்."

"ஏம்மா, நானும் என் பொண்ணும் மட்டும் ஆடிக்கறோம். வேற யாரும் வேண்டாம்."

"அதுக்கும் அந்த புரோகிராம்தானே சார் வேணும்? அது கூடாது."

கையெழுத்துப் போட்டு அனுப்பினார். இதைச் சொன்னதும் மகளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அனுப்பிட்டீங்களா? என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காமலா? லெட்டர் குடுத்தா குடுத்துட்டுப் போங்க. ஒரு காப்பி நமக்கு மட்டும் வெச்சுக்கலாமேப்பா. யார் பீரோ மேல ஏறிப் பாக்கப் போறாங்க?"

"இனிமே நடத்த மாட்டேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டேன்மா."



"அம்மா சொன்னது சரிதான்" என்றாள். என்ன சொன்னது என்று அவர் கேட்கவில்லை. கேட்காமலேயே தெரிந்தது.

சனிக்கிழமை காலையில் பீரோ மேல் ஏறிப் புரோகிராமை அழித்தார். கார்டில் தேதி போட்டு, 'நிறுத்தப்பட்டது' என்று எழுதினார். பழக்க தோஷம், அதற்கும் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் பத்து மணிக்கு மகள் போன் செய்தாள்.

"சாப்பிட்டீங்களா?"

"ஆச்சும்மா. நீ?"

"ம்."

"வேலை எப்படிப் போகுது?"

"ம். போகுது."

அவருக்குச் சுவர்க் கடிகாரத்தின் சத்தம் கேட்டது. "என்ன சரக்கு?" என்று கேட்டுப் பார்க்கலாமா என்று நினைத்தார். வண்டியே இல்லாதபோது சரக்கைப் பற்றி என்ன கேட்பது என்று விட்டுவிட்டார்.

"சரிப்பா, வெச்சுடவா?"

பத்து மணிப் போன் அடுத்தடுத்த வாரங்களில் பதினொன்று ஆயிற்று, பிறகு சாயங்காலம் ஆயிற்று. பிறகு ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் ஆயிற்று. அவராகப் போன் செய்தால் "மீட்டிங்ல இருக்கேன்பா" என்று செய்தி வரும். எந்தக் கம்பெனியில் ஞாயிற்றுக்கிழமை மீட்டிங் போடுகிறார்கள் என்று அவர் கேட்கவில்லை. அவரும் அந்தக் காலத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் லிஃப்ட் மாட்டிக்கொண்டது என்று சொல்லிக் கிளம்பியவர்தானே. கணக்குத் தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டார். ஆனால் வலித்தது.

அவர் பிறந்தநாளுக்கு மகளிடமிருந்து ஒரு பரிசு வந்தது. அதே ரயில் விளையாட்டு, அதே கம்பெனி வெளியிட்ட புதிய பதிப்பு. இத்தனை விவாதம் நடந்ததே, சும்மா இருப்பார்களா? பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் 'இன்டர்நெட் தேவையில்லை' என்று போட்டிருந்தார்கள். மாலையில் மகளே போன் செய்தாள். ரொம்ப நாளுக்குப் பிறகு குரலில் கொஞ்சம் உற்சாகம் இருந்தது.

"வந்துடுச்சாப்பா? நெட்டே வேண்டாமாம். சிக்னலையும் கம்ப்யூட்டரே பாத்துக்குமாம். இனிமே யாருக்காகவும் நீங்க காத்திருக்க வேண்டாம். எப்ப தோணுதோ அப்ப ஆடிக்கலாம்."

"யாருக்காகவும் காத்திருக்க வேண்டாமா?"

"ஆமாப்பா. நல்லதுதானே?"

"நல்லதும்மா" என்றார். அவள் கிண்டலாகச் சொல்லவில்லை, குத்தலாகவும் சொல்லவில்லை. தோளிலிருந்து ஒரு மூட்டை இறங்கிய நிம்மதி அந்தக் குரலில் இருந்தது. எவ்வளவு காலமாக அந்தப் பத்து மணி அவளுக்கு மூட்டையாக இருந்தது என்று அவரால் கணக்குப் போட முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அதைப் போட்டார். படமெல்லாம் முன்பைவிட அழகாகத்தான் இருந்தது. என்ஜின் கிளம்பியது. முதல் சிக்னலை நெருங்கும்போதே பச்சை விழுந்துவிட்டது. இரண்டாவதும் பச்சை. மூன்றாவதில் வேண்டுமென்றே வண்டியை நிறுத்தி, மூன்று முறை ஹார்ன் அடித்துப் பார்த்தார். ஏற்கெனவே பச்சை எரிந்துகொண்டிருந்தது. அன்று பன்னிரண்டு மணி வரைக்கும் ஓட்டினார். ஒரு சிக்னல்கூட அவரை நிறுத்தி எதுவும் கேட்கவில்லை.