ஜெயிலுக்குப் போன மாத்திரை மெஷின்

பந்தல் வாடகைக்கு விடுகிறவன் கல்யாண வீட்டில் நெஞ்சை நிமிர்த்தித் தன் தொழிலைச் சொல்லலாம். ஜெயிலுக்கு மாத்திரை மெஷின் வாடகைக்கு விடுகிற நான் சொன்னால், பக்கத்து இலைக்காரர் சாம்பார் கேட்கிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பிவிடுவார். பெயர் சொல்லிக் கூப்பிட்டு, விரல் வைத்ததும் அவரவர் மாத்திரையைக் கப்பில் தள்ளும் பெட்டி அது. கையில் பையோடு ஆபீஸ் ஆபீஸாக அலைகிற சகோதரர்களே, நீங்களாவது கேளுங்கள். இரண்டு ஜெயில்கள் ஏற்கெனவே அதைத் திருப்பி அனுப்பிவிட்டன. எல்லைப் பக்கத்து சப் ஜெயில் ஒன்று, எது என்று கேட்காதீர்கள், ஒரு மாதம் வைத்துப் பார்க்கிறோம் என்றது. அதுவும் திரும்பினால் கூடவே நானும் வீட்டுக்குப் போகலாம் என்று மேனேஜர் சொல்லியிருந்தார்.

பாதியில் நின்ற ஜெபம்

மெஷின் இறங்கிய வாரம், பாறசாலையில் எங்கள் சபைப் போதகரிடம் தொழிலுக்காக ஜெபிக்கச் சொன்னேன். என் தலையில் கை வைத்து, "ஆண்டவரே, இவன் வியாபாரம் பெருகட்டும்" என்று உருக்கமாகத் தொடங்கினார். பெருக வேண்டுமென்றால் ஜெயில் நிறைய வேண்டும், உள்ளே இருப்பவர்களுக்கு நோயும் வர வேண்டும். அது அவருக்கும் உறைத்திருக்கும் போல, ஜெபத்தை அங்கேயே நிறுத்தினார். ஒரு கண்ணை மட்டும் திறந்து என்னைப் பார்த்தார்.

"மக்கா, ஒனக்கு வேற ஒரு வேலை கெடைக்கணும்னு ஜெபிக்கட்டா?"

ஜாமீனில் போனவர்

அடிதடி கேஸில் வந்திருந்த பனச்சமூட்டு டெம்போ டிரைவர் ஒருவர் ஜாமீனில் போனார். மறுநாள் சாயங்காலம் ஜெயில் வாசலில் வந்து நிற்கிறார். அவருடைய பிரஷர் மாத்திரை மெஷினில் ஏழு நாளைக்கு நிரப்பியதில் இன்னும் நாலு நாளைக்கு இருக்கிறதாம். வெளியே போனவருக்கு உள்ளே மாத்திரை கிடையாது என்று தொண்டை வற்ற விளக்கினேன். அசையவில்லை.

"சாரே, ஆஸ்பத்திரியில அர நாளு க்யூ உண்டு. இங்கயாக்கும் என் பேரச் சொல்லி மரியாதையா விளிச்சது."

வாயைப் பார்க்கிறவர்

கடைசி வாரம், வலிப்பு நோய்க்காரர் ஒருவர் கஞ்சி வாங்க நின்ற இடத்திலேயே இழுத்து விழுந்தார். அவரைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். நான் மெஷினிடம் ஓடினேன். எல்லா வேளையும் மாத்திரை கொடுத்ததாக ஸ்கிரீன் காட்டியது. "அப்பாடா" என்றேன். அந்த ஆள் பிழைப்பாரா என்று நான் அதுவரை கேட்கக்கூட இல்லை. நினைத்தால் இன்றும் கூசுகிறது.

வார்டர் சுகுமாரன் அந்த நோயாளியின் பாயை உதறினார். ஏழெட்டு மாத்திரைகள் உருண்டன. தின்றால் தூக்கம் தள்ளுகிறதென்று நாக்கடியில் ஒதுக்கி, பிறகு துப்பி ஒளித்திருக்கிறார். மெஷின் வரும்வரை மாத்திரை கொடுத்தது சுகுமாரன்தான். விழுங்கிய ஒவ்வொருவரையும் "பொழியூர்" என்று ஒரு ஊர்ப் பெயரைச் சொல்லச் சொல்வாராம். நாக்கை மடக்காமல் அதிலுள்ள ழகரத்தைச் சொல்ல முடியாது, அடியில் ஒதுக்கியது தெரிந்துவிடும்.

நோயாளி மூன்றாம் நாள் நடந்தே திரும்பி வந்தார். எனக்கு உயிர் வந்தது. ஆனால் மெஷினைத் திருப்பி அனுப்பும் காகிதம் சூப்பிரண்டின் மேஜையில் இருந்தது. அவர் பேனாவை எடுத்தபோது சுகுமாரன் குறுக்கே வந்தார்.

"கெடக்கட்டு சாரே. அது எடுத்துக் குடுக்கட்டு, வாய நான் பாத்துக்கிடுவேன்."

ஆளே வேண்டாம் என்று சொல்லி நான் கொண்டுபோன மெஷினையும், கூடவே என் வேலையையும், தினமும் மூன்று வேளை பக்கத்தில் நின்று காப்பாற்றிக்கொண்டிருப்பது ஒரு ஆள்தான்.