காட்டுக்குள் ஒருதலைப் பேச்சு

போன ஞாயிற்றுக்கிழமை உடவத்தகெலே காட்டுக்குள் கையும் களவுமாகப் பிடிபட்டேன்.

பயப்படாதீர்கள், பொலிஸ் இல்லை. பிடித்தது விளக்குமாறும் கையுமாக வந்த ஒரு பெண்மணி. குற்றம்? தமிழில் சத்தம் போட்டுப் பேசியது!

கண்டி டவுனுக்குப் பின்னாலேயே இருக்கிற அந்த அரசாங்கக் காட்டுக்கு நான் ஞாயிறு தவறாமல் போகிறவன். வாசலில் டிக்கெட், கொப்பியில் கையெழுத்து, பிறகு குளத்தைச் சுற்றி நடை. ஞாயிறென்றால் பிக்னிக் கூட்டம்தான். பாய் விரிப்பார்கள், சோற்றுச் சட்டி திறப்பார்கள், கைதட்டிப் பாடுவார்கள். நான் என் அரை றாத்தல் பாணோடும் இரண்டு வாழைப்பழத்தோடும் அவர்களைத் தாண்டி உள்ளே போய்விடுவேன். தனியாகப் பிக்னிக் போகிற ஒரே ஆள் இலங்கையில் நானாகத்தான் இருக்கவேண்டும்.

ஏன் போகிறேன்? அட்டையிடம் கடி வாங்கவா? இல்லை ஐயா, பேசுவதற்கு!

வேலை பார்க்கும் கந்தோரில் சிங்களம். பஸ்ஸில் மௌனம். வாடகை அறையில் குசுகுசு. வீட்டுக்கார அம்மா தங்கமானவர்தான், ஆனால் சுவர் வெறும் பலகை, பேசினால் அப்படியே கேட்கும். யாழ்ப்பாணத்தான் இந்தக் காலத்தில் கண்டியில் வாயை அடக்கித்தான் வைத்திருக்கிறான். யாரும் சொல்லித் தரவில்லை, தானாக வந்த பழக்கம். ஆறு நாள் அடங்கிக் கிடந்த வாய் ஏழாம் நாளும் சும்மா இருக்குமா?

பெரிய கொடிகள் தொங்கும் ஓர் இடத்தில் கல்லில் உட்கார்ந்து என் மனைவியோடு பேசுவேன். அவள் இருப்பது யாழ்ப்பாணத்தில். மகளும் அங்கேதான். அவர்களைப் பார்த்து இரண்டு வருஷமாகிறது.

அவள் மூட்டுவலியை விசாரித்த பிறகு பேச்சு எப்போதும் ஒன்றேதான். இருவரையும் கண்டிக்கு வரச் சொல்லி எழுதுவதா, வேண்டாமா? அங்கே குண்டு விழுகிறது. வருவதென்றால் கடல்நீர்க் களப்பைப் படகில் கடக்கவேண்டும். கடந்து வந்தவர்களும் இருக்கிறார்கள், படகோடு போனவர்களும் இருக்கிறார்கள். நான் எதை எழுதினாலும், நாளைக்கு ஒன்று நடந்துவிட்டால்...? பயத்தில், நாலு மாதமாகச் சுகம் மட்டும் விசாரித்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஆகவே காட்டுக்குள் ஒத்திகை. "பரமேஸ், அங்கை கிடந்து சாகிறதை விட வெளிக்கிட்டு வாரும்" என்பேன். பிறகு அவளாகி, "குமர்ப்பிள்ளையையும் கொண்டு அந்தத் தண்ணியைத் தாண்டச் சொல்லுறியளே?" என்பேன். "பயப்பிடாதையும், வாரும்." "ஓமப்பா, வாறம்." அடுத்த ஞாயிறு தலைகீழ். "வேண்டாம், இரும்" என்றால் "ஓமப்பா, இருக்கிறம்." என் மனைவி அவ்வளவு நல்லவள்!

போன ஞாயிறும் அவள் "ஓமப்பா" சொல்லி முடிக்கத்தான் பின்னால் இருந்து ஒரு குரல்.

"ஏங்கய்யா, அந்தம்மாவுக்கு மூட்டுவலி கொறஞ்சிருச்சா?"

துள்ளி எழுந்தேன். என் வயதுதான் இருக்கும். காட்டுப் பாதை கூட்டுகிறவர், பெயர் அன்னலெட்சுமி, ஊர் பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டம்.

"எவ்வளவு காலமாக் கேட்டுக்கொண்டு நிக்கிறியள்?"

"ஆச்சுங்க மூணு மாசம். அந்த மூங்கிலுக்கு அந்தாண்ட உக்காந்துதான் நான் சோறு திங்கிறது. நாள் பூரா இங்க தமிழ்ல ஒரு வார்த்த காதுல விழாதுங்க. நீங்க வந்தா நல்லாருக்கும்."

வெட்கம் பிடுங்கித் தின்றது. பையைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டப் பார்த்தேன். அவர் விடவில்லை.

"கோவிச்சுக்காதீங்க, ஒண்ணு கேக்கணும். வரச் சொன்னாலும் அந்தம்மா சரிங்கிறாங்க, இருக்கச் சொன்னாலும் சரிங்கிறாங்க. நெசத்துல அவங்க என்ன சொல்றாங்க?"

தூக்கிய பையை மறுபடி கல்லில் வைத்தேன்.

"எங்க வீட்டுக்காரரும் இப்படித்தாங்க. அவரே கேப்பாரு, அவரே பதில் சொல்லிக்குவாரு. கலவரத்தப்ப, 'லயத்து வீட்ட விட்டு எங்கயும் போக வேணாம், நம்மள ஒண்ணும் செய்ய மாட்டாங்க'ன்னாரு. போயிரணும்னு எனக்கு மனசுல அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. அவரு கேக்கல. நானும் சொல்லல."

"இப்ப அவரு இல்லீங்க" என்றார். பிறகு குனிந்து கூட்டத் தொடங்கிவிட்டார்.

காட்டுக்குக் காதில்லை என்று நம்பியது என் முதல் மடத்தனம். மனைவியின் குரலில் பேசத் தெரிந்ததால் அவள் மனசும் தெரியும் என்று நினைத்தேனே, அது அதைவிடப் பெரிய மடத்தனம். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். அவளிடம் சொல்லியிருக்கிறேன், ஏசியிருக்கிறேன், சமாதானப்படுத்தியும் இருக்கிறேன். கேட்டதில்லை. வீடு கட்டும்போதும் கேட்கவில்லை, மாற்றலை ஏற்றுக்கொண்டு கண்டிக்கு வரும்போதும் கேட்கவில்லை. "உங்கட விருப்பம்" என்பாள். அதையே பதிலென்று எடுத்துக்கொண்டேன். எங்கள் வீடுகளில் அதுதானே வழக்கம்? வாசிக்கிற கணவன்மாரே, நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள்...

திரும்பி வரும் வழியில் அழுதேன். மறைக்க ஒன்றுமில்லை.

அன்று பின்னேரமே எழுதினேன். "பரமேஸ், வாறதோ, இருக்கிறதோ... நீர் என்ன நினைக்கிறீர்?" இந்த முறை சுகம்கூட விசாரிக்கவில்லை. யாழ்ப்பாணம் போகிற ஒருவரிடம் கடிதத்தைக் கொடுத்தேன்.

"அண்ணை, குறை நினையாதையுங்கோ. போய்ச் சேர ஒரு மாசமும் செல்லும், ரெண்டு மாசமும் செல்லும்" என்றார் அவர்.

கேட்கவே இருபத்திரண்டு வருஷம் எடுத்தவன், யாரைக் குறை நினைக்க!