உடுமுல என்கிற இண்டிப்பேர்

தெலுங்குக்கார நெசவாளிகளான எங்கள் ஆட்களுக்குக் கூப்பிடுகிற பெயர் போக இன்னொரு பெயர் உண்டு. இண்டிப்பேர் என்போம், வீட்டுப்பேர் என்று அர்த்தம். ரேஷன் கார்டில் அது இருக்காது, ஆதாரிலும் இருக்காது. கல்யாணப் பேச்சு எடுத்தால்தான் வெளியே வரும். ஒரே இண்டிப்பேர் உள்ளவர்கள் பங்காளிகள், கூடப்பிறந்தவர்கள் மாதிரி. அவர்களுக்குள் பெண் கொடுக்கவும் மாட்டார்கள், எடுக்கவும் மாட்டார்கள். ஜாதகம் இல்லாமல் கல்யாணம் நடந்திருக்கிறது. இண்டிப்பேர் கேட்காமல் எங்களில் ஒரு கல்யாணமும் நடந்ததில்லை.

என் கணவர் வீட்டுக்கு இண்டிப்பேர் பந்திரி. தெலுங்கில் பந்தல் என்று அர்த்தம். யார் வீட்டு விசேஷத்துக்கும் பந்தல்கால் நட முதலில் இவர்களைக் கூப்பிடுவார்களாம், அதனால் வந்த பேர். ஆனால் இவரைப் பெற்ற வீட்டின் பேர் வேறு. அது உடுமுல.

இதை அவர் எனக்குச் சொன்னது கல்யாணமான முதல் வருஷத்தில். அவரைப் பெற்றவள் பிரசவத்திலேயே போய்விட்டாள். மூன்று வயதில் பந்திரி வீட்டார் தத்து எடுத்து வந்தார்கள். பந்திரி வீட்டு மாமியார் தன் பிள்ளை என்றே ஊருக்குச் சொல்லி வளர்த்தாள். "எங்கம்மா மனசு கஷ்டப்படும். நீ யார்கிட்டயும் சொல்லக் கூடாது" என்றார். நான் சொல்லவில்லை. அதிகம் பேசத் தெரியாதவளிடம் ரகசியம் பத்திரமாக இருக்கும் என்று நினைத்திருப்பார்.

உடுமுல என்றால் உடும்பு. அந்தப் பேர் வந்த கதையை அவர் இரண்டு விதமாகச் சொல்வார். அந்த வீட்டுக் குழந்தை ஒன்று தவழ்ந்து போய்க் குழித்தறிக்குள் விழுந்துவிட்டதாம். குழிக்குள் ஓர் உடும்பு படுத்திருந்ததாம். குழந்தை அதன்மேல் விழுந்தும் கடிக்காமல் அசையாமல் கிடந்ததாம். அதிலிருந்து அந்த வீட்டார் உடும்பை அடிப்பதில்லை, தின்பதில்லை. இன்னொரு கதையில் குழந்தையும் இல்லை, தறியும் இல்லை. யாரோ ஒரு தாத்தா கடன் கேட்டுப் போனால் வாங்காமல் எழுந்திருக்க மாட்டாராம், ஊர் அப்படிக் கேலி பேசியதுதான் பேர் ஆகிவிட்டதாம். இதைச் சொல்லும்போது சிரிப்பார். ஆனால் ஆற்றோரம் உடும்பைப் பார்த்தால் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பார். ஒரு நாள் மத்தியானம் யாரோ ஒருவன் வந்து காதில் ஏதோ சொல்லிவிட்டுப் போனான். இவர் கட்டின வேட்டியோடு பின்பக்கம் போய்த் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டார். பெற்ற நைனா இறந்த சேதி என்று ராத்திரி சாப்பாட்டுக்கு உட்காராதபோதுதான் எனக்குத் தெரிந்தது.

அவர் போய்ப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. அந்தப் பேரை நான் மறந்தே இருந்தேன்.

என் மகனுக்கு முப்பத்தேழு வயது. வீட்டிலேயே இரண்டு பவர்லூம் ஓட்டுகிறான். தறிக்காரனுக்குப் பெண் கொடுக்க மாட்டோம் என்று ஏழு வீட்டில் சொல்லிவிட்டார்கள். காது பக்கம் நரைத்த முடிக்கு மை போடுகிறான், எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு. கே.ஜி.கண்டிகையில் கட்டிக்கொடுத்த என் மகள்தான் அலைந்து நகரி பக்கம் ஒரு பெண்ணைப் பிடித்தாள். போனில் எல்லாம் அவளே பேசினாள். இண்டிப்பேர் என்ன என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கிற இடத்தில் இருந்தவள் நான். கூச்சப்பட்டுக்கொண்டு, "வேற பேருதானே?" என்று மட்டும் மகளிடம் கேட்டேன். "ஆங், வேற பேருதாம்மா. நம்ம பேரு இல்ல, அது போதும்" என்றாள். அவள் அப்பா தத்துப் பிள்ளை என்பது அவளுக்குத் தெரியாது.

பெண் பார்க்கப் போனோம். தறிச் சத்தம் கேட்கிற சின்ன வீடு. பெண் டீ கொண்டு வந்து வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போனாள். கதவு வரைக்கும் போய் என் மகனைத் திரும்பிப் பார்த்தாள். பெண்ணின் அப்பா சொன்னார்:

"எங்க உடுமுல வீட்டுப் பொண்ணுங்க அதிகமா பேசாதுங்க. தப்பா நினைச்சிக்காதீங்க."

"எங்கம்மாவும் அப்படித்தாங்க" என்றாள் என் மகள். "ரெண்டு பேரும் சேந்தா வூட்ல டிவி சத்தம் மட்டுந்தான் கேக்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். நான் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். உடுமுல இண்டிப்பேரில் வேறு வேறு குடும்பம் இருக்கலாம் என்று மனசுக்குச் சொல்லிப் பார்த்தேன். இருந்தாலும் முறை ஒன்றுதான். அண்ணனுக்குத் தங்கையைக் கேட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். பஸ் ஏறித் திருத்தணி வரும்வரை மகனுக்கு வாய் மூடவில்லை. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அதற்கப்புறம் எனக்கு இதே யோசனைதான். சொன்னால் இந்தச் சம்பந்தம் போகும், இன்னொன்று வருமோ வராதோ. சொல்லாவிட்டால் கல்யாணம் நடக்கும், ஒரு பிள்ளை பிறக்கும். அந்தப் பிள்ளை முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்? என்றைக்காவது தெரிந்தால் தெருவில் என்ன பேசுவார்கள்? மகன் போனில் அந்தப் பெண்ணோடு பேசிச் சிரிக்கிற சத்தம் கேட்டால் நான் கொல்லைப்பக்கம் போய்விடுவேன். கணவர் போட்டோவுக்குப் பூ வைக்கப் பயமாக இருந்தது. சொல்லக்கூடாது என்று சொன்னவரும் அவர்தான், உடும்பைப் பார்த்துச் செருப்பைக் கழற்றியவரும் அவர்தான்.

நிச்சயத்துக்கு நாள் குறிக்க மகள் வரப்போகிறாள் என்று தெரிந்த அன்று, காலையில் தார் சுற்றிக்கொண்டிருந்தேன். தார் என்பது நாடாவுக்குள் போடுகிற ஊடைநூல் குச்சி. மகன் இரண்டு தறியையும் ஓட்டிக்கொண்டிருந்தான். அந்தச் சத்தத்தில் பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. அதனால்தான் எனக்குத் தைரியம் வந்தது. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன், உங்கப்பா உடுமுல வீட்டுப் பிள்ளை, தத்து வந்தவர் என்று. சொல்லி முடித்ததும் பாதி பாரம் இறங்கிய மாதிரி இருந்தது.

மகன் இரண்டு தறியையும் நிறுத்தினான்.

"இன்னாமோ சொன்ன. வாய் அசைஞ்சுது."

சத்தமில்லாத வீட்டில் அதையே மறுபடி சொல்ல வேண்டியதாயிற்று. அவன் அறுந்த இழை ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றான். முடிச்சுப் போடவில்லை.

"இது யார் யாருக்குத் தெரியும்?"

"இப்போ எனக்கு மட்டுந்தான்."

"அப்போ ஏன்மா சொன்ன?"

நான் தார்க் குச்சியைக் கீழே வைத்தேன். அவன் இழையை விட்டுவிட்டு, "இத்தினி வருஷம் வாயைத் தொறக்காதவ, இப்பவும் தொறக்காம இருந்திருக்கலாம்" என்றான். அப்புறம் சட்டையை மாட்டிக்கொண்டு போனை என் மடியில் வைத்தான். "நான் சொல்ல மாட்டேன். நீயே அவங்ககிட்ட சொல்லு."

நான் அன்றுவரை யாருக்கும் போன் செய்ததில்லை, வந்தால் பேசுவேன். பெண்ணின் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில் அவர், "எங்க அக்காவக் கூட்டிகினு நேர்ல வரேங்க. போன்ல பேசற விஷயம் இல்ல" என்று வைத்துவிட்டார்.

அக்காவை வர வேண்டாம் என்று மகன் சொல்லிவிட்டான். மூன்று நாள் அவர்கள் வரவில்லை. அந்த மூன்று நாளும் தெருவில் ஆட்டோ நின்றாலே நான் ஜன்னல் வழியே எட்டிப் பார்ப்பேன். தெரிந்தே ஏமாற்றப் பார்த்தாயா என்று வாசலில் நின்று கத்துவார்கள், அக்கம்பக்கம் கூடும் என்று நினைத்தேன். மகன் தறியை ஓட்டினான், சாப்பிட்டான், படுத்தான். போனில் பேசுகிற சத்தம் மட்டும் இல்லை.

நான்காம் நாள் வந்தார்கள். அந்த அக்கா என்னைவிட மூத்தவள். வந்ததும் தண்ணீர்கூடக் குடிக்காமல் கேட்டாள்.

"உங்க வூட்டுக்காரரப் பெத்தவ எப்படிப் போனா?"

"பிரசவத்துல."

"புள்ளைய எத்தினி வயசுல குடுத்தாங்க?"

"மூணு."

அவள் தம்பியைப் பார்த்தாள். "நம்ம சின்னாயினா புள்ளடா" என்றாள். சின்னாயினா என்றால் சித்தப்பா, அவர்கள் அப்பாவும் என் கணவரைப் பெற்றவரும் கூடப்பிறந்த அண்ணன் தம்பி. சின்ன வயதில் அந்தக் குழந்தையை இவள் இடுப்பில் தூக்கியிருக்கிறாள். எங்கே கொடுத்தார்கள் என்று பெரியவர்கள் சொல்லவே இல்லையாம். போட்டோவைக் கேட்டு வாங்கி முந்தானையால் துடைத்துப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்து, "நல்ல வேளைக்கு வாயைத் தொறந்தம்மா. இல்லன்னா நாம எல்லாம் எங்க போய்த் தலைமுழுகறது" என்றாள். பெண்ணின் அப்பா தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். அவருக்கும் அது நல்ல சம்பந்தமாகத்தான் இருந்திருக்கும்.

கத்துவார்கள் என்று பயந்தேன், அவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். மகன் பரிமாறினான். அந்த அக்கா அவன் கையைப் பிடித்து, "தங்கச்சி கல்யாணத்துக்கு நீ முன்ன நிக்கணும்பா" என்றபோது, "ஆங், வரேன் அத்த" என்றான். முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அவர்களைப் பஸ் ஏற்றிவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தான்.

"இனிமே அக்கா கேக்க வேணாம். நம்ம ரெண்டு இண்டிப்பேரையும் நீயே சொல்லு, அவங்க பேரையும் நீயே கேளு. அதுக்கப்புறந்தான் நான் பொண்ணு பாக்க வருவேன்."

பந்திரியும் ஆகாது, உடுமுலவும் ஆகாது. முன்னே ஒரு கதவு அடைத்திருந்தது, இப்போது இரண்டு. அவனுக்கு வயது ஏறிக்கொண்டே போகிறது, என் உண்மையால் அது நிற்கப் போவதில்லை.

போன வாரம் புத்தூர் பக்கத்திலிருந்து ஒரு இடம் வந்தது. மகன் நம்பரைப் போட்டு என் கையில் கொடுத்துவிட்டுத் தறியை நிறுத்தினான். அந்தப் பக்கம் ஒரு பெண் எடுத்தாள், பெண்ணின் அம்மா. எங்கள் இரண்டு இண்டிப்பேரையும் சொன்னேன். குரல் உள்ளேயே போனது, மறுபடி சொன்னேன். "உங்க இண்டிப்பேரு இன்னாங்க?" என்று கேட்டேன். "இருங்க, அவரக் கேட்டுச் சொல்றேன்" என்று போனை வைக்காமலே உள்ளே போனாள். அங்கேயும் சொல்லாத பேர் ஒன்று இருக்குமோ என்று நான் போனைக் காதில் வைத்தபடி நின்றேன். மகன் தறி பக்கம் திரும்பி, இல்லாத இழை எதையோ தேடிக்கொண்டிருந்தான்.