விமானத்தில் வருகிறாள் என்று அடித்த தந்தி

ஐயா இறந்துபோன செய்தி பம்பாய் தாராவியில் எங்கள் கடைக்குத் தந்தியாக வந்தது, காலை வியாபார நேரத்தில். ஐயா என்றால் என்னைப் பெற்றவர். அறுபதுகளில் ஒரு வெயில் காலம்.

எங்கள் ஊரில் பெற்ற மகள் வாய்க்கரிசி போடாமல் தூக்க மாட்டார்கள். நான் ஒரே மகள். ரயிலில் போனால் இரண்டு ராத்திரி ஆகும். அந்த வெயிலில் எப்படி வைத்திருப்பார்கள்? கடைக்குச் சாமான் வாங்க வந்து, தந்தியைப் படித்துச் சொன்ன மாதுங்கா ஆபீஸ்காரர்தான், மெட்ராஸ் ஆகாய வழியில் அறுநூறு மைல் சொச்சம், மூன்று மணி நேரத்தில் போய்விடலாம் என்றார். உட்கார்ந்திருந்தவள் எழுந்து நின்றுவிட்டேன். டிக்கெட்டுக்கு வளையல்களைக் கழற்றிக் கொடுத்தேன். விமானத்தில் வருகிறாள், வைத்திருங்கள் என்று ஊருக்குத் தந்தி அடித்தார் வீட்டுக்காரர்.

“ஏளா, ஒத்தையில பெயிருவியா?” என்று கேட்டார்.

“வாய் இருக்குல்லா. கேட்டுக் கேட்டுப் போறேன்.”

சாந்தாகுரூஸில் விமானம் மத்தியானம்தான் கிளம்பியது. பயப்பட மனசில் இடமில்லை. பணிப்பெண் மிட்டாய்த் தட்டை நீட்டினாள். ஐயா அங்கே கிடக்கிறார், எனக்கு மிட்டாய். அவளுக்கு என்ன தெரியும், பாவம்.

மெட்ராஸில் இறங்கி, டாக்சி பிடித்து எழும்பூர் போனால், திருநெல்வேலி எக்ஸ்பிரஸ் அப்போதுதான் போயிருந்தது. அடுத்தது பாசஞ்சர். அது ஊருக்கு ஊர் நின்றது. ஒரு ஸ்டேஷனில் இன்ஜினுக்குத் தண்ணீர் பிடித்தார்கள், பிடித்துக்கொண்டே இருந்தார்கள். மலையெல்லாம் தாண்டிப் பறந்து வந்தவள், பிளாட்பாரத்தில் தூங்குகிற ஒரு நாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இறங்கி ரயிலைத் தள்ளலாமா என்றிருந்தது.

மறுநாள் பிற்பகலில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு ஓடினேன். வாசல் கழுவியிருந்தது. பெண்கள் ஈரத்தலையோடு உட்கார்ந்திருந்தார்கள். 

அண்ணன் மொட்டைத் தலையோடு எழுந்து வந்தார். “பிளேனு மூணு மணி நேரத்துல வந்துரும்னு தந்தியப் படிச்ச வாத்தியார் சொன்னாரு. ராத்திரி பூராவும் வெளக்கப் பொருத்திட்டு ஒனக்காவ உக்காந்திருந்தோம்ட்டி. விடிஞ்சும் காணல. மாப்பிள்ளை விடலன்னு நெனச்சு எடுத்துட்டோம்.”

“பறந்து வாறவ எங்க எறங்குனாளோன்னு ஊரே கேட்டுச்சு,” என்றாள் மதினி.

மெட்ராஸில் இறங்கி ரயிலேற வேண்டும் என்று தந்தியில் யாரும் போடவில்லை. விமானம் என்றால் நம் ஊர்க் குளத்தங்கரையிலேயே வந்து இறங்கும் என்று இருந்துவிட்டார்கள். அவர்களை என்ன சொல்வது? மூன்று மணி நேரம் என்றதும் கடையில் நானும் அப்படித்தானே எழுந்து நின்றேன்.

வீட்டுக்குள் போகாமல் சுடுகாட்டுப் பக்கம் திரும்பினேன். பொம்பளை அங்கே போகக்கூடாது என்று அண்ணன் குறுக்கே வந்தார்.

“ஐயா மொகத்த எனக்குக் காட்டு. காட்டிட்டா நா போகல,” என்றேன்.

அவர் விலகிக்கொண்டார்.

சிதை இன்னும் புகைந்துகொண்டிருந்தது. கிட்டே போகவிடாமல் வெக்கை அடித்தது. அதற்கு மேல் ஓர் அடி வைக்க முடியாத இடத்தில் நின்றேன்.