பாவுக்கு வைத்த சோற்றில் அடை

ரேஷன் அரிசிக்கு வரிசையில் நின்ற காலத்தில் கல்யாணமாகிக் காஞ்சிபுரம் வந்தேன். பிறந்த வீட்டில் விவசாயம், புகுந்த வீட்டில் பட்டுத் தறி. சோறு வீணானால் எனக்குக் கோபம் வரும்.

ஒரு நாள் விடிகாலையில் அடுப்படி மூலையில் ஒரு சட்டிச் சோறு தண்ணீரில் ஊறிக் கிடந்தது. மீந்தது என்று நினைத்துப் பிழிந்தெடுத்து, அரிசி மாவு, வெங்காயம், பச்சைமிளகாய், முருங்கைக்கீரை சேர்த்துப் பிசைந்து அடை தட்டினேன். மாமனார் ஐந்து சாப்பிட்டார். ஆறாவதைப் பிட்டுக்கொண்டே கேட்டார்:

“பாவுக்குக் கஞ்சி காய்ச்ச சோறு ஊற வெச்சேனே, எங்கம்மா இருக்குது?”

வெளியே தெருநெடுகப் பட்டு இழைகளை இழுத்துக் கட்டிப் பாவு விரித்தாகிவிட்டது. கஞ்சி போடாமல் தறியில் ஏற்றினால் இழை அறும். அவர் தட்டைக் காட்டினேன்.

“அப்போ பாவுக்கு வெச்சதையா நான் துன்னுக்கினு இருக்கறேன்?” என்றவர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

சிரிப்புச் சத்தம் கேட்டு வந்த எதிர்வீட்டு அக்கா, நடந்ததைக் கேட்டுவிட்டுத் தன் வீட்டுப் பழைய சோற்றைச் சட்டியோடு கொண்டுவந்தாள். “இத்த காய்ச்சிக்கோம்மா. எனக்கு ரெண்டு அடை குடு, போதும்.” வெயில் ஏறுவதற்குள் கஞ்சி போட்டு முடித்துவிட்டோம்.

அன்றிலிருந்து பாவுச் சோற்றுச் சட்டியின் கழுத்தில் சிவப்புப் பட்டு நூல் கட்டிவிடுகிறேன். நூல் இல்லாத சட்டிதான் அடைக்கு. ஆனால் இப்போதெல்லாம் பாவு விரிக்காத நாளிலும் மூலையில் ஒரு சட்டிச் சோறு ஊறுகிறது, நூல் இல்லாமல். யார் வைத்தது என்று கேட்டால், மாமனார் தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்.