அம்மாள் வந்த பிள்ளை

என் தங்கச்சிக்கு வலிப்பு என்று எங்களுக்குத் தெரிய வருவதற்கு வெகு முன்பே அது வந்துவிட்டிருந்தது. கை கால் இழுக்கவில்லை, வாயில் நுரை தள்ளவில்லை; ஆகையால் ஒருவரும் அதை நோயாக எண்ணவில்லை. சோற்றை வாய்க்குக் கொண்டுபோகிறவள் பாதியில் நின்றுவிடுவாள். கண் திறந்தபடியே இருக்கும்; கூப்பிட்டால் கேட்காது. கொஞ்ச நேரந்தான். பிறகு ஒன்றும் நடவாதது போல் சாப்பிடுவாள். அம்மா அதற்குப் 'பிராக்கு' என்று பேர் வைத்திருந்தாள்.

பள்ளிக்கூடத்தில் அதற்குத் திமிர் என்று பேர். அது ஆற்றுக்கு மேற்கே, படுவான்கரையில் இருந்த ஒரு மிஷன் பள்ளிக்கூடம். எங்கள் வீட்டில் எனக்கு முன் எழுத்துப் படித்தவர் எவருமில்லை. அப்பா ஆற்றில் வலை வீசுகிறவர். நான் சோதனை பாஸ்பண்ணி, படித்த இடத்திலேயே சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கத் தொடங்கியிருந்தேன். தங்கச்சி அடுத்த வகுப்பில் இருந்தாள். வாய்பாடு சொல்லிக்கொண்டு வருகிறவள் நடுவில் நின்று, வாத்தியாரின் முகத்தையே பார்த்தபடி இருப்பாள். தன்னைப் பார்த்து முறைக்கிறாள் என்று அவர் நினைத்தார். முழங்காலில் நிற்க வைத்தார். எதற்காக நிற்கிறோம் என்று அவளுக்குத் தெரியாது.

பின்னேரங்களில் நான் அவளுடைய பாடத்தைக் கேட்பேன். இன்றைக்குப் பிழையில்லாமல் வாசித்த பக்கம் நாளைக்குப் புதுப் பக்கமாக இருக்கும். மறதி என்றால் எனக்குத் தெரியும். மறந்த பிள்ளை தலையைச் சொறியும், எங்கோ படித்தோமே என்று தேடும். இவள் தேடமாட்டாள். இந்தப் பக்கத்தை நான் கண்டதேயில்லை என்பாள். பொய் சொல்கிறாள் என்று எனக்கும் தோன்றும், ஆனால் அந்த முகத்தில் பொய் இராது.

குணமும் மாறிக்கொண்டு வந்தது. பூனைக்குட்டிக்குக்கூடப் பயந்தவள், ஒருநாள் புத்தகத்தை எடுக்கச் சொன்னதற்கு என் கையைக் கடித்துவிட்டாள். இரத்தம் வந்தது. கொஞ்சம் பொறுத்து வந்து அந்தக் கையைப் பிடித்துப் பார்த்து, "ஆர் அண்ணா கடிச்ச?" என்று கேட்டாள்.

எங்கள் ஊர்க் கண்ணகை அம்மன் கோயிலில் வருஷத்துக்கு ஒருமுறை, வைகாசியில், கதவு திறந்து சடங்கு நடக்கும். அந்த வருஷம் மழையில்லாமல் வயல்வட்டையெல்லாம் வெடித்துக் கிடந்தது. சடங்கில் உடுக்கும் பறையும் ஏற ஏற, அம்மாவின் பக்கத்தில் நின்ற தங்கச்சி அடியோடு விழுந்தாள். இந்த முறை கை கால் இழுத்தது. கண் மேலே செருகியது. அம்மாள் வந்துவிட்டாள் என்று சனம் விலகி நின்று குரவை போட்டது. பூசை செய்கிற கட்டாடியார் வேப்பிலையால் தடவி, மஞ்சள் தண்ணீர் தெளித்தார். இழுப்பு அடங்கி அவள் எழுந்து உட்கார்ந்தாள், ஆனால் ஆள் இன்னும் வந்து சேரவில்லை. கட்டாடியார் குனிந்து, "தாயே, எங்களுக்கு என்ன சொல்றா?" என்று கேட்டார்.

அவள் சொன்னாள்: "மழை வரும். குளம் நிறையும். வயல் விளையும்."

சனம் நிலத்தில் விழுந்து கும்பிட்டது. அது அவளுடைய வாசிப்புப் புத்தகத்தில் உள்ள பாடம். ஒரு மாதமாக நான் மாரடித்த பாடம். பள்ளிக்கூடத்தில் ஒருநாளாவது தடக்குப்படாமல் சொல்லாதவள், அங்கே ஒரு பிழையுமில்லாமல் சொன்னாள். எனக்கு அழுகை வந்தது. பக்கத்தில் நின்றவர்கள் அதைப் பக்தி என்று நினைத்தார்கள்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா கோபிக்கவில்லை. "அம்மாள் எந்தப் பாடத்தையும் எடுத்துச் சொல்லுவா மகன்," என்றாள். "உனக்கு வாத்திமார் சொன்னது மட்டுந்தான் தெரியும்." சடங்கு முடிந்த கையோடு பருவம் தப்பிய மழையொன்றும் பெய்து வைத்தது. அதற்குப் பிறகு நான் என்ன சொல்லி யார் கேட்பது?

அம்மாள் வந்த பிள்ளையின் மேல் பிரம்பு படக்கூடாது என்று அம்மா அவளைப் பள்ளிக்கூடத்தால் நிறுத்திவிட்டாள். வாழைப்பழமும் வெற்றிலையும் வீடு தேடி வந்தன. நரைத்த ஆம்பிளைகள் அவள் காலைத் தொட்டார்கள். நான் புத்தகத்தை எடுத்தால் அம்மா கண்ணால் மறிப்பாள். ஒருநாள் தங்கச்சி என்னிடம் மெல்லக் கேட்டாள்: "பள்ளிக்கூடத்தில மொக்குப்புள்ள எண்டாங்க. கோயில்ல கும்பிடுறாங்க. நான் எது அண்ணா?"

எனக்கு வேண்டியதெல்லாம் அவள் வாசிக்க வேண்டும் என்பதுதான். பெரிய படிப்பில்லை. ஒரு கடிதம் வந்தால் இன்னொருவரிடம் கொடுத்து வாசிப்பிக்காத அளவுக்கு. எங்கள் ஊர்ப் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான்; அப்பா கட்டுகிற வீடு அவளுக்கு, நான் ஒருநாள் கலியாணம் முடித்து இன்னொரு வீட்டுக்குப் போகிறவன். நான் போன பிறகு அந்த வீட்டில் எழுத்துத் தெரிந்த ஒருத்தி இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

பிறகு அவள் அடுப்படியில் விழுந்தாள். வலது கை நெருப்புக்குள் போய்விட்டது. அம்மா வேப்பிலை தேடி ஓடினாள். அதுவரை இந்த விஷயத்தில் வாயே திறக்காத அப்பா, வெந்த கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, "அம்மாள் எண்டா புள்ளைர கைய வேக விடுவாவா?" என்று கேட்டார். யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை. விடிந்ததும் தோணியில் அவளை ஏற்றி, என்னையும் வரச்சொன்னார்.

பட்டினத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் இங்கிலீசில் கேட்க, நான் பதில் சொன்னேன். நான் படித்த படிப்பு எங்கள் வீட்டுக்கு உதவியது அன்றுதான். இந்தப் பிராக்கும் நோய்தான், சிறுவயதில் இருந்தே வந்திருக்கிறது என்றார் அவர். நாள் தவறாமல் மருந்துக் குளிசை கொடுக்கவேண்டும், நிறுத்தக்கூடாது. இவள் படிப்பாளா என்று கேட்டேன். அவர் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு, விழுகிறது குறையும், மற்றதைத் தன்னால் சொல்ல முடியாது என்றார். அப்படியே அப்பாவுக்குச் சொன்னேன். "விழாட்டிப் போதும் மகன்," என்றார் அப்பா. எனக்குப் போதவில்லை.

விழுகிறது குறைந்தது. அவளை மறுபடி பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போய், என் வகுப்பில் சின்னப் பிள்ளைகளோடு இருத்தினேன். அதன்பிறகு ஒருவரும் அவளை அடிக்கவில்லை. ஆனால் குளிசை அவளை மந்தமாக்கியது. உடம்பு வாங்குப் பலகையில் இருக்கும், கண் சொக்கும். ஓர் எழுத்தைப் பார்த்து, அதன் சத்தம் வாயில் வந்து சேருமுன் மற்றப் பிள்ளைகள் வரியை முடித்துவிடுவார்கள். சிரிப்பார்கள். முன்பென்றால் கடித்திருப்பாள், இப்போது தானும் சேர்ந்து சிரித்தாள். அதைப் பார்க்க எனக்கு அந்தக் கடியே மேல் என்றிருந்தது.

அடுத்த சடங்கு வந்தது. அம்மா அவளுக்குப் பட்டுப்பாவாடை கட்டிக் கூட்டிப்போனாள். உடுக்கு ஏறியது. சனம் இடம் விட்டு நின்றது. அவள் கொட்டாவி விட்டாள். கொஞ்சத்தில் அம்மாவின் தோளில் சாய்ந்து நித்திரையாகிவிட்டாள். திரும்பி வரும் வழியில் பின்னால் வந்த ஒரு பெண், "இங்கிலீசு மருந்து அம்மாளைக் கலைச்சுப் போட்டுது கா," என்று அம்மாவிடம் சொன்னாள். அம்மா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நல்லது.

ஆனாலும் மறுநாள் அம்மாவே குளிசையை எடுத்துக் கொடுத்தாள். அடுப்புப் பக்கம் அவளை அண்டவிடவில்லை.

மாரி தொடங்க இருந்த ஒரு காலை. நானும் தங்கச்சியும் பள்ளிக்கூடத்துக்கு நடந்துகொண்டிருந்தோம். முதல்நாள் படித்ததை நான் கேட்டுக்கொண்டே போனேன். அவள் நின்றாள். பிராக்கு என்று நினைத்துத் தோளைப் பிடித்தேன். இல்லை, தெளிவாகத்தான் இருந்தாள்.

"அண்ணா, குளிசை போடாட்டி விழுறன், படிச்சது போகுது. போட்டா விழல்ல, படிச்சது ஏறுதில்ல. ரெண்டிலயும் போகுது."

அவளால் கோத்துச் சொல்ல முடியும் என்று நான் எண்ணாத நீள வசனம் அது. எவ்வளவு காலமாக இதை யோசித்துக்கொண்டிருந்தாளோ. மெல்ல மெல்ல வரும், நான் இருக்கிறேன், இன்னொரு வருஷம் பார்ப்போம் என்றெல்லாம் சொன்னேன். வகுப்பில் மற்றவர்களுக்குச் சொல்கிற குரலிலேயே சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"உனக்குத்தான் அண்ணா ஆசை," என்றாள். "எனக்குக் களைக்குது. நான் வீட்ட போறன். நீ போ, மணி அடிச்சிரும்."

சிலேட்டை என்னிடம் தந்துவிட்டு வந்த வழியே கிறுகி நடந்தாள். மறிக்கலாம். கையைப் பிடித்து இழுத்துப் போகலாம். அப்படி இழுத்துப்போன நாட்களும் உண்டு. வேலியோரமாக, வழியைப் பார்த்து, தன்பாட்டில் நடந்தாள். அவள் எங்கள் வீட்டு வளவுக்குள் போகும் வரைக்கும் நின்றேன். பிறகு மணி கேட்டது. போய் வகுப்பில் நின்று, கரும்பலகையில் அன்றைய வரியை எழுதி, வாசிக்கச் சொன்னேன். எல்லாரும் வாசித்தார்கள்.